யார் பெயரில்?

ஒரு பொருளை நமக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்வது எளிது. அது நமக்குச் சொந்தம் என்று ஓரிடத்தில் எழுதப்பட்டிருப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதும் கிடந்துவிடக்கூடும் என்பதை நான் எந்த நூலிலும் படித்தறியவில்லை. 2023ஆம் ஆண்டில் ஒருநாள் பிற்பகல், மலாக்காவில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் மேசையருகே அமர்ந்து, பதிவுப் பாரத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப முயன்றபோது அறிந்துகொண்டேன். அந்தக் கட்டத்தில் கேட்கப்பட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: உரிமையாளரின் பெயர்.

நானும் என் அண்ணனும் புக்கிட் ரம்பாயில் வாழ்கிறோம். ரம்பாய் என்பது கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் ஒரு பழம். புக்கிட் என்றால் குன்று. ரம்பாய்க் குன்று என்ற அழகிய பெயரைத் தாங்கிய இவ்வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் மிகுந்துவிட்டன. எங்கள் இளமையில் சுற்றிலும் பால்மரக் காடுகளே இருந்தன. லயத்து வீட்டில் பிறந்து, பிரட்டுக்களத்து மணியோசையில் கண்விழித்து வளர்ந்த நாங்கள் இருவரும் இப்போது ஒரு தாமானில் ஒரே கூரையின்கீழ் இருக்கிறோம். அண்ணனுக்கு அப்போது எழுபது வயது. முழங்கால் தேய்ந்து, மருத்துவமனைக்கும் சந்தைக்கும் பேருந்தை நம்பிப் போக இயலாத நிலை. என் பழைய காரோ பாதி நாள் பட்டறையில் படுத்துவிடும். ஒருநாள் இரவு உணவுக்குப் பின் அண்ணன் தம் வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து என்முன் வைத்தார்.

“தம்பி, புதுசா ஒரு கார் எடுத்துருவோம். கடன் வேண்டாம். ரொக்கமாவே கட்டிடலாம்.”

மாடு வளர்த்தும், பால் விற்றும், குத்தகையாளரிடம் அன்றாடக் கூலிக்கு உழைத்தும் அவர் சேர்த்த பணம் அது. உள்நாட்டில் உருவாகும் சிறிய கார் ஒன்றை வாங்க அது போதுமானதாக இருந்தது.

புதிய கார் ஒன்று சாலைக்கு வருவதற்கு முன் நிறைவேற வேண்டிய முறைகள் சில உள்ளன. பலரும் அவற்றை விற்பனையாளரிடம் விட்டுவிட்டுச் சாவியை மட்டும் வாங்கிக்கொள்வதால் அவற்றின் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், பதிவு செய்யப்படாத வாகனத்தை எவரும் வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது என்கிறது. பதிவுக்கு முதலில் வேண்டுவது உரிமையாளரின் அடையாள அட்டை. அடுத்தது, கார் எங்கே உருவானது, அதற்குரிய தீர்வை செலுத்தப்பட்டதா என்பதற்கான சுங்கச் சான்று. மூன்றாவது காப்புறுதி. சாலையில் செல்லும் பிறருக்கு நம் வாகனத்தால் விளையக்கூடிய தீங்கிற்கு ஈடு செய்யும் காப்புறுதியேனும் இன்றிக் காரை வெளியே எடுக்கச் சட்டம் இடந்தராது. நான்காவது சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் தனியார் கார்களுக்கு அது இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது, 1000 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, 1001 முதல் 1200 வரை 55 வெள்ளி, 1201 முதல் 1400 வரை 70 வெள்ளி. நாங்கள் தேர்ந்தெடுத்தது 20 வெள்ளிக் கார்தான். தவணை முறையில் வாங்குவோருக்கு இன்னொன்றும் உண்டு: கடன் தீரும்வரை வங்கியின் உரிமைக் கோரல் பதிவில் ஏறியிருக்கும். ரொக்கம் என்பதால் எங்களுக்கு அது இல்லை.

இவற்றையெல்லாம் விற்பனையாளரான சீன இளைஞர் பொறுமையாக விளக்கினார். பின்னர் எங்களை அழைத்துச் சென்று காரின் உடற்சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். எழுத்தும் எண்ணுமாகப் 17 குறிகள். ‘ஐ’, ‘ஓ’, ‘கியூ’ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறா. ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு அவை மயங்கிவிடும் என்பதற்காக அவற்றை விலக்கியிருக்கிறார்கள். அதனைச் செய்த நாடு, நிறுவனம், அதன் வரிசை எண் அனைத்தும் அந்தப் 17 குறிகளுக்குள் அடக்கம். இயந்திரத்திற்கும் தனியே ஓர் எண் உண்டு. தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் முன்னரே ஒரு காருக்கு அது யார், எங்கே பிறந்தது என்பது உடம்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அண்ணன் குனிந்து அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவியும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வாகனத்திற்கு எண் தரும் வழக்கம் புதிதன்று. பாரிஸ் நகரக் காவல்துறை 1893ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிகள் பலகை தாங்க வேண்டும் என்று ஆணையிட்டது. பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1904 தொடக்கம் முதல் ஒவ்வொரு காரும் பதிவு பெற்று எண் தாங்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் அம்முறையே வழக்கில் வந்தது. மலாக்காவின் கார்களுக்கு ‘எம்’, ஜொகூருக்கு ‘ஜே’, பேராவுக்கு ‘ஏ’, பினாங்குக்கு ‘பி’ என்று முதலெழுத்தைக் கண்டே ஊரைச் சொல்லிவிடுகிறோம்.

மேசைக்குத் திரும்பியதும் இளைஞர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: “யார் பெயரில், அங்கிள்?”

அண்ணன் வாய் திறக்குமுன் நான் விடை சொல்லிவிட்டேன்: “என் பெயரில்தான்.”

அது கள்ளமாகச் சொன்ன விடையன்று; பழக்கம் சொன்ன விடை. காரணமும் வைத்திருந்தேன். காரை ஓட்டப் போகிறவன் நான். மேலும், பல ஆண்டுகளாக இழப்பீடு எதுவும் கோராததால் என் பழைய காரின் காப்புறுதிக்கு நூற்றுக்கு 55 விழுக்காட்டுத் தள்ளுபடி இருந்தது. தனியார் காருக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த தள்ளுபடி அது. பழைய காரை விற்றுவிட்டு அந்தத் தள்ளுபடியைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். அண்ணன் பெயரில் என்றால் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். கணக்கு என் பக்கமே இருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். சினமில்லாத பார்வை. அந்தப் பார்வையை அதற்கு முன்னும் ஒருமுறை நான் கண்டிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது 1953ஆம் ஆண்டு. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வேளை. லயத்து வீட்டில் மருத்துவச்சியின் கையில் பிறந்த அவரது பிறப்பைப் பதிய அப்பா போகவில்லை. ஒருநாள் வேலையை விட்டால் ஒருநாள் கூலி போய்விடும். பதியாவிட்டால் என்ன போய்விடும் என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. நான் பிறந்தது 1959இல். அதற்குள் அம்மா தோட்டத்து மருத்துவமனைக்குப் போகப் பழகியிருந்தார். அங்கிருந்த டிரசர் எழுதித் தந்த தாளைக் கொண்டு என் பிறப்பு பதிவாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் இடையே வயது வேறுபாடு ஆறு ஆண்டு. சட்டமோ அந்த ஆறு ஆண்டுகளுக்கு நடுவே ஒரு கோடு கிழித்திருந்தது. மெர்டேக்கா நாளான 31 ஆகஸ்டு 1957 முதல் 1962ஆம் ஆண்டு அக்டோபருக்கு முன்வரை இந்நாட்டில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே குடிமக்கள். அந்நாளுக்கு முன் பிறந்து, குடியுரிமை வேறு வழியில் அமையாதவர்கள் விண்ணப்பித்துப் பெற வேண்டும். விண்ணப்பிப்பதற்கு இங்கே பிறந்தோம் என்று காட்டியாக வேண்டும். ஒரே தாய் வயிற்றில், ஒரே லயத்தில் பிறந்த இருவரில் ஒருவன் குடிமகன். மற்றவர் யார் என்பதற்கு எழுத்தில் விடையில்லை.

பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய அடையாள அட்டை அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. 1969ஆம் ஆண்டில், அதற்கு முந்திய ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர் நாட்டை விட்டுக் கப்பலேறினர் என்று வரலாறு கூறுகிறது. அண்ணன் கப்பலேறவில்லை. கப்பலேறவும் தாள் வேண்டுமல்லவா? அவர் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். செக்ரோலில் அவர் பெயர் ஏறவில்லை. அப்பாவின் நிரையில் கைமாற்று ஆளாகப் பால்மரம் சீவினார். பின்னர் குத்தகையாளரின் டிராக்டரை ஓட்டினார். தோட்டத்துச் செம்மண் சாலையில் அவரைப்போல் வண்டியைத் திருப்ப ஆளில்லை என்பார்கள். ஆனால் டிராக்டர் தார்ச்சாலையை நெருங்கியதும் இறங்கிவிடுவார். உரிமமின்றித் தார்ச்சாலையில் ஓட்ட முடியாது. அட்டையின்றி உரிமம் எடுக்க முடியாது. தோட்டத்து வாயிற்கதவே அவருக்கு நாட்டின் எல்லையாக இருந்தது.

திருமணமும் செய்துகொள்ளவில்லை. 1982 முதல் திருமணங்களைச் சட்டப்படி பதிய வேண்டும் என்று ஆனபின் அம்மா அழுது கேட்டபோது, “எனக்கே பேரு இல்ல. வர்ற பிள்ளைக்கு எந்தப் பேரக் குடுக்குறது?” என்று கேட்டார். அத்துடன் அப்பேச்சு முடிந்தது.

நான் படித்து ஆசிரியனானேன். படிக்க வைத்தவர் அண்ணன். 1985ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டின் முதல் காரான புரோட்டோன் சாகா வெளிவந்தது. தோட்டத்துக் கடையில் அதன் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு நான் தவணையில் ஒரு சாகா எடுத்தேன். முன்பணம் அண்ணன் தந்தது. இரண்டு கறவைகளை விற்ற பணம். பதிவேடு வந்தபோது அதை லயத்து வாசலில் விரித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். இயந்திர எண், நிறம், உரிமையாளர் பெயர். “நல்லா இருக்கு தம்பி” என்றார். அப்போது கண்டதுதான் அந்தப் பார்வை. ஏழு ஆண்டு கழித்து அக்காரை விற்றபோது வந்த பணத்தை என் வீட்டின் முன்பணமாகக் கட்டினேன். அதில் அண்ணனின் பங்கு எவ்வளவு என்று நான் கணக்கிடவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவருடைய சேமிப்புகூட நெடுங்காலம் என் பெயரிலேயே வங்கியில் கிடந்தது. அட்டையில்லாதவருக்கு ஏது கணக்கு?

இடையில் நாங்கள் முயலாமல் இல்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். பிறப்புப் பத்திரம் கொண்டு வா என்றார்கள் ஓரிடத்தில். அட்டை இல்லாதவருக்குப் பத்திரத்தை எப்படித் தருவது என்றார்கள் இன்னோரிடத்தில். 2011ஆம் ஆண்டு, ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய ‘மைடஃப்தார்’ இயக்கம் தொடங்கியபோது மறுபடியும் தொடக்கத்திலிருந்து தொடங்கினோம். அண்ணன் பிறந்தபோது பக்கத்து வீட்டில் இருந்த மூதாட்டி ஒருவர் அப்போது உயிரோடிருந்தார். அவர் சத்தியப் பிரமாணம் செய்து கைநாட்டு வைத்தார். மலாய்மொழியில் சில கேள்விகள் கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் கம்பத்து மலாய்க்காரர்களுடன் பழகிய அண்ணனுக்கு அது ஒரு தேர்வாகவே படவில்லை. 2016இல் நீல அட்டை கைக்கு வந்தது. பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு, மலாக்காவில் பிறந்தவர் என்பதைக் காட்டும் 04. அறுபத்து மூன்று வயதில் அவர் பிறந்த இடத்தை அரசு ஒப்புக்கொண்டது.

இவ்வளவும் அந்த மேசையருகே, விற்பனையாளர் பேனாவோடு காத்திருந்த சில நொடிகளில் என் நெஞ்சில் ஓடின. “என் பெயரில்தான்” என்று சொன்ன நாக்கு கூசியது. ஆயினும் நான் மாற்றிச் சொல்லுமுன் அண்ணனே பேசினார்.

“தம்பி, உன் பேருல எடுத்தா எவ்வளவு மிச்சம்?”

“சில நூறு வெள்ளி மிச்சம், அண்ணே.”

“அந்தச் சில நூறு வெள்ளிய நான் குடுத்துடறேன். கார் என் பேருல இருக்கட்டும்.” சற்று நிறுத்திச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சமன் வந்தாலும் என் பேருக்கே வரட்டும்.”

விற்பனையாளர் சிரித்தார். என்னால் இயலவில்லை. குற்றப் பத்திரிகையைக்கூடத் தம் பெயரில் பெற ஆசைப்படும் ஒருவரை அந்த இளைஞருக்கு எப்படி விளக்குவது? உரிமையாளருக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று அவரே சொன்னார். பெயர் எழுதப்பட்டது.

அதன்பின் ஒரு தடை. அட்டையிலுள்ள பெருவிரல் ரேகையும் உரிமையாளரின் ரேகையும் ஒத்துவர வேண்டும். அண்ணன் வலப் பெருவிரலைக் கருவியில் வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார். மீண்டும் சிவப்பு. இடப் பெருவிரல், அதுவும் சிவப்பு. பால்மரம் சீவிய உளியும், பாலை உறைய வைக்கும் ஆசிட்டும், மாட்டுக் கயிறும், டிராக்டர் சக்கரமும் ஐம்பது ஆண்டுகளில் அந்த ரேகைகளை அழித்திருந்தன. உழைப்பாளிகள் பலருக்கு நேரும் தொல்லை இது. ஆயினும் அண்ணன் முகம் கறுத்துப்போனது. மறுபடியும் தம் கையே தம்மை யாரென்று சொல்ல மறுத்ததாக அவர் எண்ணியிருக்க வேண்டும்.

மறுநாள் சாலைப் போக்குவரத்து இலாகாவின் முகப்பிற்கு நேரில் சென்றோம். மலாய்க்கார இளம்பெண் அதிகாரி ஒருவர் அட்டையிலிருந்த படத்தையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சில கேள்விகள் கேட்டார். அவர் கையைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். “உழைத்த கை, பாக்சிக்” என்று மலாயில் சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டார். எந்த வேலை ரேகையை அழித்ததோ, அந்த வேலையையே அடையாளமாக ஏற்றுக்கொண்ட அந்த ஒரு சொல்லுக்காக நான் அவரை மறக்கமாட்டேன்.

எண்ணைப் பற்றியும் விற்பனையாளர் கேட்டார். 2019 முதல் இணையம் வழியாகவே ஏலம் கேட்டு விருப்பமான எண்ணைப் பெறலாம். கூட்டினால் ஒன்பது வரும் எண்ணுக்கு நம்மவர்கள் எவ்வளவோ செலவிடுவதுண்டு. “வரிசைல எது வருதோ அது போதும்” என்றார் அண்ணன். “எண்ணுன்னு ஒன்னு வருதே, அதுவே நல்ல எண்ணுதான்.”

புதுக் காரை முதலில் கொண்டு சென்றது 1781ஆம் ஆண்டு முதல் மலாக்கா நகரில் வீற்றிருக்கும் பொய்யாத விநாயகர் திருமுன்னிலைக்கு. தேங்காய் உடைத்து, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார் குருக்கள். அண்ணனின் பிறந்த நாள் அம்மாவின் நினைவிலிருந்து எடுத்து எழுதியது. நட்சத்திரம் யாருக்கும் தெரியாது. “பேரு மட்டும் சொல்லுங்க சாமி” என்றார் அண்ணன். தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார்.

2023 பிப்ரவரி 10 முதல் தனியார் கார்களின் கண்ணாடியில் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டிய கட்டாயம் குடிமக்களுக்கு இல்லை. கைப்பேசியில் காட்டினால் போதும். விற்பனையாளர் அதையே பரிந்துரைத்தார். அண்ணன் ஒப்பவில்லை. “தாளுல குடுங்க” என்றார். வாகன உரிமைச் சான்றிதழும் சாலை வரியும் தாளாக வந்தன. கெரான் என்று நாம் வழங்கும் அந்தச் சான்றிதழை ஒரு நெகிழி உறையில் இட்டு, தம் நீல அட்டையோடு தலையணைக்கருகே வைத்திருக்கிறார். தாளே இல்லாமல் அறுபது ஆண்டு வாழ்ந்தவருக்குத் தாளின் அருமை தெரிகிறது.

ஐக்கிய நாடுகள் மன்றம் 2015ஆம் ஆண்டு வகுத்த நீடித்த மேம்பாட்டு இலக்குகளுள், 2030க்குள் பிறப்புப் பதிவு உட்பட எல்லாருக்கும் சட்டப்படியான அடையாளம் கிடைக்க வேண்டும் என்பதும் ஒன்று. பேரவைகளில் தீர்மானமாகும் அந்த இலக்கு நம் வகுப்பறை வாயிலில்தான் முதலில் கண்ணில் படுகிறது. ஆசிரியப் பணியில் பெயர்ப் பதிவேட்டை எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன். பிறப்புப் பத்திரத்தை அடுத்த வாரம் கொண்டுவருகிறோம் என்று தலைகுனிந்து சொல்லிச் சென்ற பெற்றோரும் உண்டு. அந்த அடுத்த வாரம் வராத வீடுகளுக்கு நான் எல்லா முறையும் நடந்து சென்று கேட்டதில்லை. என் வீட்டிலேயே அப்படியொருவர் இருந்தும் கேட்கவில்லை என்பதுதான் இன்று என்னை உறுத்துகிறது. இதைப் படிக்கும் ஆசிரியர்கள் நடந்து சென்று கேட்க வேண்டும்.

காலை வேளைகளில் நான் காரை ஓட்ட, அண்ணன் அருகில் அமர்ந்து வருகிறார். பழைய தோட்டத்து வாயில் இருந்த இடத்தைக் கடந்து தார்ச்சாலையில் ஏறும்போது அவர் கை தம்மையறியாமல் கதவின் கைப்பிடியைத் தொடும். டிராக்டரிலிருந்து இறங்கிய நாள்களின் பழக்கம் அது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கார் நிற்காமல் செல்லும்.